இறங்காத டீச்சர்

ஒம்பதாவது பி-ல சத்தம் வரலன்னா அங்க ஏதோ விபரீதம்னு அர்த்தம். பக்கத்து ரூம்ல பத்தாவதுக்கு சோஷியல் எடுக்குற எனக்குத் தெரியாதா? வருஷம் பூரா அது சந்தைக்கடைதான். பெஞ்சு தட்டுறது, ஒருத்தன் கத்துறது, ஒருத்தி அழுவுறது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேதான் நான் இந்தப் பக்கம் முதலாம் உலகப் போரை நடத்திக்கிட்டிருப்பேன். அன்னைக்கு வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச மொத பீரியட். சத்தம் திடீர்னு நின்னுபோச்சு.

எப்பவும் சண்ட போடுற வூட்ல சத்தம் சட்டுனு நின்னா பக்கத்து வூட்டுக்காரி எட்டிப் பாப்பா பாருங்க, அப்படித்தான் எனக்கும். புஸ்தகத்த டேபிள் மேல கவுத்து வெச்சுட்டு எழுந்து போனேன்.

புள்ளைங்க எல்லாம் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்குதுங்க. அந்த வகுப்பு கையக் கட்டி நான் பாத்ததே இல்ல. போர்டு பக்கம் திரும்பி நிக்கிறா கணக்கு டீச்சர் சிவரஞ்சனி. சாக்பீஸ் போர்டுல ஊனியபடியே இருக்கு. முக்கோணத்துல ரெண்டு பக்கம் போட்டாச்சு, மூணாவது கோடு பாதியில நிக்குது. அவளும் அப்படியே நிக்கிறா.

"ரஞ்சனி"ன்னேன். திரும்பல.

மொத பெஞ்சுல தமிழ்மொழின்னு ஒரு பொண்ணு. அதுதான் எழுந்து, "மிஸ் ரொம்ப நேரமா திரும்பவே இல்ல மிஸ். நாங்க ஒண்ணுமே பண்ணல மிஸ்"னு சொல்லிட்டு அழ ஆரம்பிச்சுருச்சு.

நான் சுத்திப் போயி அவ மூஞ்சியப் பாத்தேன். கண்ணு தெறந்துதான் இருக்கு. தை மாசக் குளுர்ல நெத்தியெல்லாம் வேர்வை. உதடு மட்டும் அசையுது. காதக் கொண்டுபோயி கிட்ட வெச்சாத்தான் கேட்டுச்சு.

"திரும்ப முடியல டீச்சர். திரும்புனா எல்லாரும் என்னைப் பாப்பாங்க."

இருவது வருஷத்துக்கு மேல இந்த உத்தியோகத்துல குப்ப கொட்டியாச்சு, வலிப்பு வந்த புள்ளைய மடியில போட்டுருக்கேன், பாம்பு வந்த வகுப்புல கம்பு எடுத்துருக்கேன். ஆனா ஒரு மனுஷி போர்டு பக்கமே பாத்துக்கிட்டு, மூஞ்சியத் திருப்ப பயந்து நிக்கிறத நான் பாத்ததில்ல. அவ கைலேந்து சாக்பீஸ எடுத்தேன். வெரலு ஐஸா இருந்துச்சு.

அவளப் பத்திச் சொல்லணும். தா.பழூர் பக்கத்துப் பொண்ணு. அப்பா நெல்லு அறுக்குற மிஷின் ஓட்டுறவரு. குடும்பத்துலயே மொத கவர்மெண்டு உத்தியோகம் அவளுக்குத்தான். எங்க ஸ்கூலு ஆலத்தியூருக்கு இந்தாண்ட ஒரு கிராமத்துல இருக்கு. சிமெண்டு லாரி போற ரோட்டு மேல. ஜன்னல சாத்துனா புழுக்கம், தெறந்தா தூசி. அரியலூர்ல ஒரு ரூம் எடுத்துக்கிட்டு, தெனம் டவுன் பஸ்ஸுல வந்து போயிட்டிருந்தா. ஆடி மாசம் வேலைல சேந்தப்ப புள்ள பளிச்சுனு இருந்தா. அப்புறம் ஒவ்வொரு மாசமும் கொஞ்சங் கொஞ்சமா கரைஞ்சுக்கிட்டே வந்தா. டிபன் பாக்ஸத் தெறந்து பாத்துட்டு மூடிருவா. கேட்டா சிரிப்பா. "ஒண்ணுமில்ல டீச்சர்." அந்த ஒண்ணுமில்லயக் கேட்டுக் கேட்டு எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

எங்க ஸ்கூல்ல ஒரு பழக்கம். புதுசா யாரு வந்தாலும் ஸ்டாஃப் ரூம்ல டீயும் வடையும் வாங்கிக் குடுத்து, பழைய ஆளுங்க தலைல இருக்குற மூட்டையெல்லாம் எறக்கி அவங்க தலைல வெச்சிருவோம். ஒம்பது பி-ய அவ தலைல கட்டுனோம். புள்ளைங்க செருப்பு சைஸுலேந்து ரத்த வகை வரைக்கும் கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலை, லைப்ரரி, கலைத் திருவிழா, கழிப்பறைக்குத் தண்ணி வருதான்னு பாக்குறது, காலைல பத்தாவதுக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் மெல்லக் கத்துக்குற புள்ளைங்களுக்குத் தனி கிளாஸ். "சின்ன வயசு, தெம்பு இருக்கு, செய்யட்டும்"னு எல்லாரும் சொன்னோம். எங்களுக்கும் அப்படித்தான் செஞ்சாங்க, நாங்க செத்தா போயிட்டோம்னு ஒரு நெனப்பு.

அதுக்கு மேல எங்க ஹெட்மாஸ்டர் அய்யம்பெருமாள் சார். புள்ளைங்க அவருக்கு வெச்ச பேரு சைரன். ஆளு வராண்டாவுல கால வெச்சா சத்தம் மூணாவது ரூம் வரைக்கும் வந்துரும். "என்ன டீச்சர் உங்க வகுப்பு? பாஸ் பர்சன்டேஜ் என்ன ஆவும்? நாளைக்கு மேலேந்து கேட்டா நீங்களா பதில் சொல்வீங்க?" ரஞ்சனிய எல்லார் முன்னாடியும் அப்படிக் கேட்டிருக்காரு, ஒரு தடவ இல்ல. அவளுக்கு இன்னும் ரெண்டு வருஷ தகுதிகாண் பருவம் முடியல. அது முடிஞ்சாத்தான் வேலை நெரந்தரம். அதுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவரு இந்த சைரன்தான். அவரு நடந்து வர்ற செருப்புச் சத்தம் கேட்டா இவ பேசிக்கிட்டிருக்குற பேச்ச பாதியில விட்டுருவா.

அன்னைக்கு அவளத் தோளோட அணைச்சுக் கூட்டிட்டு வந்து ஸ்டாஃப் ரூம்ல ஒக்கார வெச்சோம். ஹெட்மாஸ்டர் வந்து பாத்தாரு. பாத்ததும் அவரு மூஞ்சி வெளுத்துருச்சு. "யாருக்கும் தெரிய வேணாம். சாப்புடாம வந்து மயக்கம்னு சொல்லுங்க"ன்னு மெதுவாச் சொல்லிட்டு வெளிய போயிட்டாரு. சைரன் மெதுவாப் பேசி நான் அன்னைக்குத்தான் கேட்டேன். ஸ்கூல் பேரு கெட்டுரும்னு பயப்படுறாருன்னு நெனச்சு மனசுக்குள்ள நாலு வார்த்த திட்டுனேன்.

அவள ஆட்டோவுல ரூமுக்கு அனுப்பிட்டு, சாயங்காலம் எல்லாரும் உக்காந்தோம். மனசாட்சி உறுத்தாம இருக்குமா? பி.டி. சார் செந்தில்குமார்தான், "பாவம்ங்க, எல்லாமா சேந்து அந்தப் பொண்ண வேகவெச்சுட்டோம்"னாரு. சரி, இப்பவாவது ஏதாவது செய்யணும்னு முடிவு பண்ணுனோம்.

இங்கதான் எங்க புத்தி போன போக்கப் பாருங்க. வாத்தியாருக்கு ஒலகத்துலயே பெரிய சொகம் எது? ஃப்ரீ பீரியட். ஒரு ஃப்ரீ பீரியட் கூடக் கெடைச்சா அன்னைக்குப் பூரா சிரிச்ச மூஞ்சியா இருப்போம். அதனால அவ பீரியட எல்லாத்தையும் நாங்க ஆளுக்கு ரெண்டா பிரிச்சு எடுத்துக்கிட்டோம். ஒம்பது பி-ய நான் வாங்கிக்கிட்டேன். ஸ்பெஷல் கிளாஸ செந்தில்குமார் சாரு எடுத்துக்கிட்டாரு. ஹெட்மாஸ்டரும் சரின்னுட்டாரு. ஸ்டாஃப் ரூம் போர்டுல இருந்த டைம் டேபிள்ல அவ பேருக்கு நேரா இருந்ததையெல்லாம் அழிச்சு, கட்டம் பூராவும் காலியா விட்டேன், என் கையாலயே. திங்கக்கெழம வந்து பாத்தா புள்ள சந்தோஷத்துல அழுதுருவா, முன்னாடியே சொல்லிராதீங்கன்னு எல்லார் வாயையும் வேற அடைச்சேன்.

சனி, ஞாயிறு ரெண்டு நாளும் போன் பண்ணுனேன். "நல்லாருக்கேன் டீச்சர், தூங்குனேன் டீச்சர்"னா. தூங்குன கொரலா அது? இருந்தாலும் எனக்கு வாய் நமநமன்னுச்சு. திங்கக்கெழம ஒனக்கு ஒரு விஷயம் இருக்குன்னு மட்டும் சொல்லி வெச்சேன். "என்ன விஷயம் டீச்சர்?"னு கேட்டா. "வந்து பாரு"ன்னு சிரிச்சுட்டு வெச்சுட்டேன். கூறு கெட்டவ நானு.

திங்கக்கெழம நான் பிரேயருக்கு நிக்கிறேன். அவளக் காணும். முடிஞ்சு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தா அவ டிபன் பை டேபிள் மேல இருக்கு, ஆளில்ல. கூட்டுற அம்மா ஜோதிகிட்ட கேட்டேன்.

"வந்தாங்க டீச்சர், நீலப் பொடவைல. அந்த போர்டயே பாத்துக்கிட்டு நின்னாங்க. நான் கூட்டிட்டுத் திரும்புறேன், வெளிய போறாங்க. கேட்டதுக்கு, 'என்னைய எடுத்துட்டாங்கக்கா'ன்னாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

எனக்கு வெளங்கிருச்சு. அய்யோ, அந்தக் காலிக் கட்டத்தப் பாத்து அவ என்ன நெனச்சிருப்பா! ஒரு பீரியடு கூட இல்ல, வகுப்பும் இல்ல, பேரு மட்டும் மிச்சம். வேலைய விட்டுத் தூக்கியாச்சுன்னு நெனச்சிருக்கா. நான் வேற, வந்து பாருன்னு சிரிச்சுருக்கேன்.

போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுபடி போட்டேன். சுவிட்ச் ஆஃப். ரூம்ல கூட இருக்குற பொண்ணுக்குப் போட்டேன், அங்கயும் வரலங்கிறா. அவ அப்பாவுக்குப் போட நம்பர எடுத்துட்டு கை நின்னுபோச்சு. என்னன்னு சொல்றது அந்த மனுஷன்கிட்ட? உம்ம பொண்ணு காணும்னா?

அப்பத்தான் ஒம்பது பி புள்ளைங்க சொல்லுச்சுங்க, மிஸ் பின்பக்கமா பள்ளத்துப் பக்கம் நடந்து போனாங்கன்னு.

எங்க ஸ்கூலுக்குப் பின்னாடி சுண்ணாம்புக்கல் வெட்டிட்டு விட்ட பழைய பள்ளம் ஒண்ணு இருக்கு. ரெண்டு ஆள் மூணு ஆள் ஆழமில்ல, பனமரத்த நிக்க வெச்சு எறக்கலாம். மழைத்தண்ணி தேங்கிப் பச்சையா கெடக்கும். கரையெல்லாம் பொடிக்கல்லு, கால் வெச்சா சரியும். புள்ளைங்கள அந்தப் பக்கமே விடமாட்டோம்.

செந்தில்குமார் சாரு ஓடுறாரு, பின்னாடி நான் ஓடுறேன். பொடவை கால்ல சிக்குது. கருவ முள்ளு கிழிக்குது. ரோட்டுல டவுன் பஸ்ஸு ஆரன் அடிச்சுக்கிட்டுப் போச்சு, அதக்கூடத் திரும்பிப் பாக்கல. கடவுளே, கடவுளேன்னு ஒரே வார்த்தைதான் வாயில. என் புள்ள அரவிந்தன் சின்ன வயசுல டெங்குல கெடந்தப்பக் கூட நான் அப்படிப் பயந்ததில்ல. அப்பப் பக்கத்துல டாக்டர் இருந்தாரு. இங்க பச்சத் தண்ணியும் நானும்தான் இருக்கோம்.

கரையில நின்னு பாத்தோம். அந்தாண்ட ஓரத்துல தண்ணிமேல நீலமா என்னமோ மெதக்குது. காலைல ஜோதி சொன்னா, அவ நீலப் பொடவைன்னு. நான் கத்திட்டேன். எங்கேந்து அந்தச் சத்தம் வந்துச்சோ. செந்தில்குமார் சாரு சட்டையக் கழட்டிப் போட்டுட்டு சரிவுல எறங்குறாரு, கல்லு சரசரன்னு அவரு கூடவே எறங்குது. நான் கண்ண மூடிக்கிட்டேன். பாக்க தைரியம் இல்ல எனக்கு.

"டீச்சர்! தார்ப்பாய் டீச்சர்! கிழிஞ்ச தார்ப்பாய்!"

அங்கயே குந்திட்டேன். சிரிப்பும் வருது, அழுகையும் வருது. ஆனா அவ இல்லன்னு இன்னும் ஆவலயே. தார்ப்பாய் அவ இல்ல, அவ்வளவுதான். அந்தத் தண்ணிக்கு அடியில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

ரொம்ப நேரம் கரையச் சுத்துனோம். கால் தடம் ஒண்ணும் தெரியல. செந்தில்குமார் சாரு போலீஸுக்குச் சொல்லலாம்னாரு. ஹெட்மாஸ்டருக்குப் போன் போட்டா, "தேடுங்க, தேடுங்க டீச்சர், எப்படியாவது"ங்கிறாரு, அவரு கொரலே கிறீச்சுங்குது. நான் ரோட்டுக்கு வந்து பஸ் ஸ்டாப்புல நின்னேன். அரியலூர் போயி அவ ரூமுலயும் பஸ் ஸ்டாண்டுலயும் தேடிட்டு, அப்படியே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருவோம்னு நெனப்பு. டவுன் பஸ்ஸு வந்துச்சு. கண்டக்டர் என்னப் பாத்ததும் படியிலேந்தே சொன்னாரு.

"டீச்சர், உங்க ஸ்கூல் டீச்சரம்மா ஒருத்தங்க காலைலேந்து எறங்கவே மாட்டேங்கிறாங்க. மூணாவது ட்ரிப்பு போறோம். பொம்பளைங்களுக்கு ஃப்ரீ பஸ்ஸு, நான் எறங்குன்னும் சொல்ல முடியாது. உங்க ஸ்கூலு வர்றப்ப மட்டும் குனிஞ்சுக்கிறாங்க."

கடைசிக்கு முந்துன சீட்டு, ஜன்னலோரம். நீலப் பொடவை. முன் சீட்டுக் கம்பியில தலைய வெச்சுக் குனிஞ்சிருக்கா. பள்ளத்தோரமா நடந்தவ அப்படியே ரோட்டுக்கு வந்து பஸ் ஏறியிருக்கா; நாங்க பள்ளத்துக்கு ஓடுறப்ப ஆரன் அடிச்சுக்கிட்டுப் போன பஸ்ஸுக்குள்ள இருந்திருக்கா.

பக்கத்துல பொத்துனு உக்காந்தேன். மொதல்ல வந்தது கோவம்தான். "அடிப்பாவி! எங்க உசுர வாங்கிட்டியேடி! தண்ணியில தேடிட்டு வரேன்டி ஒன்ன!" பஸ்ஸுல இருந்த சனம் பூரா திரும்பிப் பாத்துச்சு. எனக்குக் கவல இல்ல. அவ கையப் புடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதேன். புடிச்ச கைய விடல, விட்டா போயிருவாளோன்னு.

"எடுத்துட்டீங்கல்ல டீச்சர் என்னைய"ன்னா.

"எடுக்கலடி. ஓய்வு குடுத்தோம்டி, மடையனுங்க நாங்க. அது ஃப்ரீ பீரியடு. எல்லாம் ஃப்ரீ பீரியடு. ஒம்பது பி-ய நான் எடுக்குறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். ஒன்ன யாரும் எங்கயும் தூக்கல."

அவ என்னையே பாத்தா. நம்புறாளா இல்லயான்னு தெரியல. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு மெதுவாச் சொன்னா. பொங்கலுக்கு முன்னாடிலேந்தே தூக்கமில்லயாம். விடியக்காலைலயே வயிறு பெசையுமாம். பஸ்ஸு ஸ்கூல் கிட்ட வர வர, இது கவுந்துட்டா நல்லாருக்குமேன்னு நெனப்பாளாம். "யாருக்கும் அடிபட வேணாம் டீச்சர். எனக்கு மட்டும் கால் ஒடஞ்சாப் போதும், ஸ்கூலுக்கு வர வேணாம்ல"ன்னா. இன்னைக்கு அந்த நெனப்பு கால் ஒடையறதோட நிக்கலன்னும் சொன்னா. அத அவ சொன்ன விதம் இருக்கே, பருப்பு வெல சொல்ற மாதிரி சொன்னா.

அதுக்கு மேல வீராப்பு பேச எனக்கு நாக்கு வரல. எல்லாம் சரியாப் போயிரும்னு ஆறு மாசமா சொன்ன வாயி இது. எதுவும் தானா சரியாப் போவாதுன்னு அப்பத் தெரிஞ்சுச்சு. ஹெட்மாஸ்டருக்கும் செந்தில்குமார் சாருக்கும் கெடைச்சுட்டான்னு மட்டும் போன்ல சொல்லிட்டு, அன்னைக்கு ராத்திரி அவள என் வூட்லயே வெச்சுக்கிட்டேன். தனியா விடுற தைரியம் எனக்கு இல்ல. மறுநா டாக்டர்கிட்ட போறோம்னு சொன்னேன்.

அதுக்கு அவ பயந்தது இருக்கே! மனசுக்குப் பாக்குற டாக்டர்கிட்ட போனா பைத்தியம்னு சொல்லிருவாங்க, அப்பாவுக்குத் தெரிஞ்சா செத்துருவாரு, நாளைக்கு யாரு கட்டிக்குவா, எல்லாத்துக்கும் மேல ஹெட்மாஸ்டருக்குத் தெரிஞ்சா தகுதி இல்லன்னு எழுதிருவாரு, வேலை போயிரும். "யாருக்கும் தெரியாதுன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்." பண்ணுனேன். அரியலூர்ல யாராவது பாத்துருவாங்கன்னுதான் பெரம்பலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். எனக்குப் பல்லு வலின்னு ஸ்கூலுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். ஹெட்மாஸ்டரும் அன்னைக்கு ஆபீஸ் வேலையா வெளிய போறேன்னு குரூப்புல போட்டிருந்தாரு. நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்.

மனநலப் பிரிவு பின்கட்டுல, நீளமான வராண்டா. ரெண்டு பக்கமும் பெஞ்சு. சீட்டு வாங்கிக்கிட்டுப் போயி உக்காந்தோம். அவ பொடவைத் தலப்ப மூஞ்சி மேல இழுத்து விட்டுக்கிட்டா. எதிர்ப் பெஞ்சுல மாஸ்க் போட்டுக்கிட்டு, தலைய நல்லாக் குனிஞ்சு ஒருத்தர் உக்காந்திருந்தாரு. மடியில நோயாளிச் சீட்டு, ஓரமெல்லாம் கசங்கிப் பழசானது. தொப்பையும் அந்தச் செருப்பும் எங்கயோ பாத்த மாதிரி இருந்துச்சு.

அவரு நிமிந்தாரு. எங்க சைரன்.

ரஞ்சனி என் தொடைல நகம் பதியப் புடிச்சா. "சார் டீச்சர். சார். முடிஞ்சுச்சு டீச்சர். வாங்க போயிரலாம்." அவளுக்கு மூச்சு வாங்குது. யாருக்குத் தெரியக் கூடாதுன்னு மாவட்டம் தாண்டி வந்தோமோ அந்த ஆளு கைக்கெட்டுற தூரத்துல. இப்ப இவ எழுந்து ஓடுனா, அப்புறம் இவள எந்த டாக்டர்கிட்டயும் கொண்டாந்து சேக்க முடியாது. அது எனக்கு நல்லாத் தெரியும். எங்க போயி நிப்பான்னும் தெரியும்.

ஆனா முந்திக்கிட்டு எழுந்தது அவருதான். மாஸ்க்க மூக்குக்கு மேல ஏத்திக்கிட்டு, சொவத்தோரமா விடுவிடுன்னு நடந்தாரு. அந்த வேகத்துல சீட்டு மடியிலேந்து கீழ விழுந்துச்சு. எடுக்கக் கூட நிக்கல.

ரஞ்சனி அத எடுத்தா. பேரப் பாத்தா. வாசலப் பாத்தா.

"டீச்சர், சார் நம்மளப் பாத்து பயந்துட்டுப் போறாரு. மாத்திர வாங்காமப் போறாரு."

"போனாப் போறாரு விடு, நீ உக்காரு."

உக்காரல. என் கைய ஒதறிட்டு அவரு பின்னாடி போனா. எனக்கு உசுரே போச்சு, அப்படியே ஓடிருவாளோன்னு. நானும் தட்டுத் தடுமாறி பின்னாடி போனேன். வண்டி நிறுத்துற எடத்துல அவரு பைக் சாவியத் தேடிக்கிட்டிருந்தாரு. சாவி ரெண்டு தடவ கீழ விழுந்துச்சு.

"சார், சீட்ட விட்டுட்டீங்க"ன்னு நீட்டுனா.

வாங்குனாரு. அவ மூஞ்சியப் பாக்கல. "ஸ்கூல்ல..."ன்னு ஆரம்பிச்சாரு, முடிக்கல.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார்."

அப்புறந்தான் அவரு அவள நல்லாப் பாத்தாரு. "நீ எதுக்கும்மா இங்க வந்த?"

"தூக்கமில்ல சார். பயம் சார்."

"எதப் பாத்தும்மா பயம்?"

அவ என்னத் திரும்பிப் பாத்தா. பொய் சொல்லிருடின்னு மனசுக்குள்ள கத்துறேன் நான். புள்ளைங்கள, பரீட்சைய, ரிசல்ட்ட, எத வேணாச் சொல்லு.

"உங்களப் பாத்துதான் சார்"னா.

செத்தோம்னு நெனச்சேன். மனுஷன் அடி வாங்குனவராட்டம் நின்னாரு. சைரனுக்குச் சத்தம் வரல. சட்டைப் பாக்கெட்டுல போன் அடிச்சுச்சு. அது அடிச்ச ஒடனே அவரு தோளு ரெண்டும் தூக்கிப் போட்டுச்சு, நான் என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். மேலேந்து வர்ற போன் போல, எடுத்துப் பேரப் பாத்துட்டு, அடிக்க அடிக்க அப்படியே பாக்கெட்டுக்குள்ள தள்ளுனாரு.

"எனக்கும் இதான்ம்மா"ன்னாரு. "மூணு வருஷமா."

ரஞ்சனி அழல. "நீங்க போயிட்டா நானும் போயிருவேன் சார்"னா. மெரட்டுற மாதிரி இல்ல. இருக்குறதச் சொன்னா.

அவரு பைக்கயும் பாத்தாரு, வராண்டாவையும் பாத்தாரு. திரும்பி நடந்தாரு. நாங்க மூணு பேரும் வந்து ஒரே பெஞ்சுல உக்காந்தோம், நடுவுல நான். அவரு கால ஆட்டிக்கிட்டே இருந்தாரு, இவ தலப்ப முறுக்கிக்கிட்டே இருந்தா. எனக்கு நெசமாவே பல்லு வலிச்சுச்சு, அந்த அளவுக்குக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். எப்ப வேணா ரெண்டுல ஒண்ணு எழுந்து ஓடிரும்னு பயம்.

உள்ளேந்து நர்ஸம்மா வந்து வராண்டாவே அதிர்ற மாதிரி கத்துனாங்க. "சிவரஞ்சனி! யாரு சிவரஞ்சனி?"

அத்தன தலையும் திரும்புச்சு. இவ எழுந்தா, எழுந்தவ நகரல. அன்னைக்கு போர்டு முன்னாடி நின்னாளே, அதே மாதிரி.

"உள்ள வாம்மா. தனியாவா வந்த? கூட வந்தவங்க யாரு?"

நான்தான்னு சொல்ல வாயத் தெறந்தேன். அதுக்குள்ள எனக்கு அந்தப் பக்கத்துலேந்து சத்தம் வந்துச்சு. மாஸ்க்கத் தாடைக்குக் கீழ எறக்கிவிட்டுட்டு, எழுந்து நின்னு, கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேக்குற அதே ஸ்கூல் கொரல்ல சொன்னாரு.

"நான் வந்திருக்கேன். அய்யம்பெருமாள். இவங்க ஸ்கூல் ஹெட்மாஸ்டர்."

ரஞ்சனி உள்ள போனா. நான் அங்கயே உக்காந்திருந்தேன்.